பூனைக் கண்காட்சிக்கு உங்கள் பூனையை ஆயத்தப்படுத்துதல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பூனை வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் செந்தூராவையும் மல்கோவாவையும் அருகருகே வைத்து எது உயர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. செந்தூராவுக்குக் காம்புப் பக்கம் செம்மை ஏறியிருக்க வேண்டும், மல்கோவா உருண்டு கனத்திருக்க வேண்டும், பெங்களூராவுக்கு மூக்கு தெரிய வேண்டும். ஒவ்வொரு காயும் தன் இரகத்துக்குரிய இலக்கணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதே அங்குப் பார்க்கப்படுகிறது. பூனைக் கண்காட்சியில் நடுவர் செய்வதும் இதுவே. பெர்சியன் பூனையைச் சயாமியப் பூனையோடு ஒப்பிட்டு அவர் மதிப்பெண் இடுவதில்லை. ஏட்டில் எழுதப்பட்ட பெர்சியன் இலக்கணத்தோடு ஒப்பிட்டே இடுகிறார். இதை அறியாமல் "என் பூனைதானே அங்கு எல்லாவற்றிலும் அழகு, பிறகு ஏன் பரிசு இல்லை?" என்று வருந்தித் திரும்புவோரே அதிகம் என்பதால், இந்த வழிகாட்டியை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

நாம் இன்று காணும் வடிவிலான முதல் பெரிய பூனைக் கண்காட்சி 1871ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்தது. அதை ஏற்பாடு செய்த ஹாரிசன் வெயர் என்ற ஓவியரே, எந்தெந்தத் தன்மைக்கு எத்தனை புள்ளி என்ற இலக்கணத்தையும் வகுத்தார். அதன் வழியில்தான் அமெரிக்காவில் 1906இல் சி.எஃப்.ஏ., பிரிட்டனில் 1910இல் ஜி.சி.சி.எஃப்., பிற்பாடு டிக்கா, டபிள்யூ.சி.எஃப். போன்ற, பூனை இனங்களைப் பதிவுசெய்து கண்காட்சி விதிகளை வகுக்கும் அமைப்புகள் உருவாயின. நம் நாட்டுச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகள் இவற்றில் ஏதேனும் ஒன்றின் விதிகளைத் தழுவியே நடக்கின்றன. ஆகவே ஒரு கண்காட்சிக்கான அறிவிப்பைப் பார்த்தவுடன் நுழைவுக் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எந்த அமைப்பின் விதிப்படி அது நடக்கிறது என்று கேளுங்கள். வயதுப் பிரிவு, சான்றிதழ், பட்டம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு விடையைப் பொறுத்தே மாறும்.

முதற்படி: உங்கள் பூனைக்குரிய பிரிவைக் கண்டறிதல்

சி.எஃப்.ஏ. விதிகளில் 4 மாதம் நிறைந்து 8 மாதம் நிறையாதவை குட்டிகள். 8 மாதத்துக்கு மேற்பட்ட, கருத்தடை செய்யாத இனப்பூனைகள் சாம்பியன்ஷிப் பிரிவிலும், கருத்தடை செய்தவை பிரீமியர்ஷிப் பிரிவிலும் நிற்கும். டபிள்யூ.சி.எஃப். முறையில் 3 முதல் 6 மாதம் வரை குட்டிப் பிரிவு, 6 முதல் 10 மாதம் வரை இளம்பூனைப் பிரிவு என்று வகுத்திருக்கிறார்கள். இவை தவிர, இனம் எதுவானாலும் சேர்த்துக்கொள்ளும் வீட்டுப் பூனைப் பிரிவு ஒன்று உண்டு. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையில் பிறந்த வரிப்பூனைக்கும் மூவண்ணப் பூனைக்கும் உரிய இடம் அதுதான்.

வீட்டுப் பூனைப் பிரிவுக்கு எழுதப்பட்ட உடலிலக்கணம் கிடையாது. பூனையின் தூய்மை, உடல்நலம், ரோமத்தின் நிலை, மனிதரோடு பழகும் குணம், பொதுவான அழகு ஆகியவற்றையே நடுவர் பார்க்கிறார். வால் மடங்கியிருப்பது பெரும்பாலான இனங்களில் தகுதி நீக்கத்துக்கே காரணமாகும் குறை. வீட்டுப் பூனைப் பிரிவிலோ அது குறையே அன்று. ஒரு கண் இழந்த பூனையும் மூன்று காலோடு நடக்கும் பூனையும்கூட அங்கு முதலிடம் பெறலாம். வயது வந்த பூனை கருத்தடை செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதே சி.எஃப்.ஏ., டிக்கா ஆகியவற்றில் இப்பிரிவுக்கான முக்கிய நிபந்தனை. முதன்முறையாகச் செல்வோர், வீட்டில் இனப்பூனையே இருந்தாலும், இப்பிரிவின் போட்டியை ஒருமுறை முழுதாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. நடுவர் ஒரு பூனையின் குணத்தை எப்படிக் கணிக்கிறார் என்பது அங்குதான் தெளிவாகத் தெரியும்.

இனப்பூனை என்று விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓசூரிலும் பெங்களூரிலும் விற்பனையாளர்கள் சொல்லும் "டால் ஃபேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச்" என்பவை பெர்சியன் பூனையின் முகம் எவ்வளவு தட்டையானது என்பதைக் குறிக்கும் சந்தைச் சொற்கள். எந்த அமைப்பின் இன இலக்கணத்திலும் அவை தனிப் பிரிவுகள் அல்ல. சி.எஃப்.ஏ.வின் பெர்சியன் இலக்கணத்தில் கண், காது அமைப்பு உள்ளிட்ட தலைக்கு 30 புள்ளி, உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, ரோமத்துக்கு 10, கண்ணின் நிறத்துக்கு 10, உடலின் ஒத்திசைவுக்கும் நயத்துக்கும் தலா 5 என மொத்தம் 100 புள்ளிகள் பிரிக்கப்பட்டுள்ளன. மூக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து விலை சொல்பவர், மீதியிருக்கும் புள்ளிகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. வம்சாவளிச் சான்று இல்லாத பூனையைத் தோற்றத்தை வைத்து மதிப்பிட்டு இனம் ஒப்புக்கொள்ளும் "நோவிஸ்" பிரிவு டபிள்யூ.சி.எஃப். முறையில் உண்டு. சான்று இல்லாதவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: உடல்நலமும் தடுப்பூசியும்

பல நூறு பேர் வந்துபோகும் மண்டபத்தில், எங்கெங்கிருந்தோ வந்த பூனைகளின் நடுவே உங்கள் பூனை ஒரு பகல் முழுவதும் இருக்கப்போகிறது. தடுப்பூசி ஏட்டில் இரண்டு பதிவுகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, பூனைக் குடற்கொல்லி நோயான பன்லூகோபீனியா, ஹெர்ப்பிஸ், கேலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி. மற்றொன்று வெறிநோய்த் தடுப்பூசி. கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு 8 வார வயதை ஒட்டித் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பப் போடுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாதம் நிறைந்த பின் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிப்பதே இங்கு வழக்கம். கண்காட்சிக்கு முந்தைய நாள் அவசரமாகப் போடும் ஊசியால் பயனில்லை. எதிர்ப்பாற்றல் உருவாகக் குறைந்தது மூன்று வாரமாவது இருக்கும்படி திட்டமிடுங்கள்.

நம் மாவட்டங்களின் அரசு கால்நடை மருந்தகங்கள் மாடும் ஆடும் வருவதை முன்னிட்டே இயங்குபவை. வெறிநோய்த் தடுப்பூசி அங்குக் கிடைத்தாலும், பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியைப் பெரும்பாலும் நாமே வெளியில் வாங்கி எடுத்துச் செல்ல நேரிடும். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும்; சித்திரை வெயிலில் ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்குச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்த ஊசியும் தண்ணீரும் ஒன்றுதான். பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

கருத்தடை செய்வதாக இருந்தால் முன்கூட்டியே செய்துவிடுங்கள். புண் ஆற இரண்டு வாரம் போதும். ஆனால் பெண் பூனையின் வயிற்றில் மழித்த ரோமம் பழையபடி வளர இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு இருந்தால் அது காதுப் பேனாக இருக்கக்கூடும். ரோமம் வட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். இவ்விரண்டில் ஒன்று வாயிலில் நிற்கும் மருத்துவரின் கண்ணில் பட்டாலும் உங்கள் பூனை உள்ளே செல்லாது, செல்லவும் கூடாது. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து வாங்கும்போது, நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தை ஒருபோதும் பூனைக்குப் போடாதீர்கள். அது நரம்பைத் தாக்கிப் பூனையைக் கொன்றுவிடும்.

மூன்றாம் படி: அந்நியர் கைக்குப் பழக்குதல்

இந்தப் படிக்குத்தான் அதிகக் காலமும் பொறுமையும் தேவை. பெரும்பாலானோர் கடைசி வாரத்தில் ஷாம்புவுக்கும் சீப்புக்கும் செலவிடும் கவனத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால், அவர்களுடைய பூனை மேசைமேல் வேறொரு பூனையாகத் தெரிந்திருக்கும். என் செவலை நிறக் கடுவனை (ஆண் பூனையை) முதல்முறை கொண்டுசென்றபோது, மூன்று மாதம் மீனும் முட்டையும் கொடுத்துப் பளபளக்கும் ரோமத்தோடு அழைத்துச் சென்றேன். வீட்டில் என் மடியை விட்டு இறங்காத அது, முன்பின் அறியாத நடுவரின் கை பட்டதும் காதை மடக்கிச் சீறியது. அவர் முகம் சுளிக்காமல் அதைக் கூண்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். ரோமத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு வாய்ப்பே நான் அளித்திருக்கவில்லை.

குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் தொடங்குங்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். இடுப்புயர மேசையில் வழுக்காத விரிப்பைப் போட்டு, ஒரு கையை நெஞ்சின்கீழும் மறு கையைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்துப் பூனையைத் தூக்கி அதன்மேல் நிறுத்துங்கள். நடுவர் செய்வதை அதே வரிசையில் செய்துபாருங்கள்: முகத்தை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணைப் பார்த்தல், காதைத் திருப்பிப் பார்த்தல், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தல், முதுகெலும்பு வழியே கையை ஓட்டி வாலின் நுனி வரை தடவி மடிப்பு உண்டா என்று அறிதல், ரோமத்தை எதிர்த்திசையில் ஊதிப் பார்த்தல், உடல் நீளம் தெரியும்படி இரு கைகளால் ஏந்திக் காட்டுதல். கருத்தடை செய்யாத வயது வந்த கடுவனுக்கு இரு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். பூனை திமிறினால் அடக்கிப் பிடிக்காமல், அது சற்று அமைதியான நொடியில் இறக்கி விட்டுவிடுங்கள். திமிறினால்தான் விடுபடலாம் என்று அது கற்றுக்கொண்டால், கண்காட்சியிலும் அதையே செய்யும்.

மூன்றாவது வாரத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவையும், பால் கொண்டுவரும் அண்ணனையும், கண்ணாடி அணிந்த ஒருவரையும், தாடி வைத்த ஒருவரையும் அழைத்து அதே வரிசையில் தொடச் சொல்லுங்கள். தூக்குக் கூண்டை வீட்டில் எப்போதும் கதவு திறந்தபடி வைத்து, அதற்குள்ளேயே சில வேளை உணவு வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கூண்டைக் கண்டால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நம் ஊரில் தனிப் பயிற்சி தேவையில்லை. மாரியம்மன் பண்டிகைக் காலத்தில் அது தானாக நடந்துவிடுகிறது. அப்போது பூனை கட்டிலடியிலிருந்து எத்தனை நிமிடத்தில் வெளியே வருகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பின்னும், புதியவர் தொட்டால் நடுங்கி மூச்சிரைக்கும் பூனையைக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது வீட்டில் இருப்பதற்காகப் பிறந்த பூனை. கடித்த பூனையை நடுவர் போட்டியிலிருந்து நீக்கலாம் என்பது இரண்டாம்பட்சம்.

நான்காம் படி: குளிப்பாட்டலும் சீர்செய்தலும்

குட்டை ரோமப் பூனையைக் கண்காட்சிக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன் குளிப்பாட்டுங்கள். குளித்தவுடன் உப்பித் தெரியும் ரோமம் அதற்குள் உடலோடு படிந்துவிடும். பெர்சியன் போன்ற நெடுரோமப் பூனைக்கு அந்த உப்பலே வேண்டும் என்பதால் முந்தைய நாள் குளிப்பாட்டுவது வழக்கம். முதலில் எஃகுச் சீப்பால் சிக்கெடுத்துவிட வேண்டும்; சிக்கோடு நனைந்த ரோமம் கம்பளிபோல் இறுகிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீர், பூனைக்கான ஷாம்பு, ரோமத்தைத் தேய்த்தால் கீச்சென்று ஒலி வரும்வரை அலசல், துண்டால் ஒற்றியெடுத்தல், குறைந்த சூட்டில் உலர்த்துதல். உலர்த்தும் கருவியின் ஒலிக்கும் முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் ஷாம்பு சரியாக அலசப்படாமல் ரோமம் மந்தமாகத் தெரிந்தால், கடைசி அலசலுக்குக் குடிநீர்க் கேனைப் பயன்படுத்திப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

முன்கால், பின்கால் இரண்டின் நகங்களையும் நுனி மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்த ஓட்டப் பகுதியைத் தொடக் கூடாது. நகம் வெட்டாத பூனையை மேசைக்கு அனுமதிக்க மாட்டார்கள். ரோமத்தில் சாயமோ, மிஞ்சிய பவுடரோ இருந்தால் தகுதி நீக்கம் வரை போகலாம். புண்ணுக்கு மஞ்சள் பூசும் நம் வழக்கத்தைக் கண்காட்சிக் காலத்தில் வெள்ளைப் பூனையிடம் காட்டாதீர்கள், அந்தக் கறை வாரக்கணக்கில் போகாது.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

பூனையின் பெயர், பாலினம், பிறந்த நாள், இனம், நிறம், பதிவு எண், மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண் ஆகியவற்றை விண்ணப்பத்தில் கேட்பார்கள். பெரும்பாலோர் தவறுவது நிறத்தில். நாம் சாம்பல் என்பதை அவர்கள் "ப்ளூ" என்பார்கள். நாம் செவலை என்பது அவர்களுக்கு "ரெட்". உடலில் கோடு தெரிந்தால் அதனுடன் "டேபி" சேரும். கறுப்பும் செவலையும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும், ஏனெனில் கறுப்பையும் செவலையையும் ஒன்றாகக் காட்ட இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் தேவை. ஆகவே மூவண்ணத்துக்கு நேரே "ஆண்" என்று எழுதும்முன் ஒருமுறை பூனையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: பயணம்

தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 140 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, ஓசூரிலிருந்து 40. சென்னை இவ்வூர்களுக்கு வெகு தொலைவு என்பதால் நம்மவர்கள் பெங்களூருக் கண்காட்சிகளையே நாடுவது இயல்பு. தேசிய நெடுஞ்சாலை 44இல் தொலைவைவிட, ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் தொடங்கும் நெரிசல்தான் நேரத்தை விழுங்கும். விடியலுக்கு முன் அதைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். அல்லது முந்தைய நாளே சென்று தங்குங்கள். புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். கூண்டைப் பின்னிருக்கையில் பெல்ட்டால் கட்டி, மெல்லிய துணியால் மூடுங்கள். தட்டை முகப் பூனைகள் வெப்பத்தை எளிதில் தாங்காது. சுங்கச்சாவடி அருகே தேநீருக்கு நிறுத்தும்போது பூனையை மூடிய காரில் விட்டுச்செல்வது மிகக் கொடிய தவறு. பையில் வைக்க வேண்டியவை: தடுப்பூசி ஏடு, வீட்டுத் தண்ணீர், பழகிய உணவு, அது வழக்கமாகப் பயன்படுத்தும் மணலும் தட்டும், கூண்டுக்குத் திரைத்துணி, சீப்பு, காகிதத் துண்டுகள், வீட்டு வாசனை ஏறிய ஒரு பழைய துணி.

ஏழாம் படி: கண்காட்சி நாள்

வாயிலில் மருத்துவர் ஏட்டைச் சரிபார்த்துப் பூனையின் கண், காது, ரோமம் ஆகியவற்றைப் பார்ப்பார். உங்களுக்கு ஓர் எண்ணும் ஒரு கூண்டும் தரப்படும். கூண்டில் திரையைக் கட்டிப் பூனையை விட்டபின் அரை மணி நேரம் அதைத் தனியே விடுங்கள். உறவினர்களுக்குக் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

மண்டபத்தில் பல "ரிங்"குகள் இருக்கும். ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு நடுவர், ஒரு மேசை, அதற்குப் பின்னால் வரிசையாகக் கூண்டுகள், பதிவேடு பார்க்கும் எழுத்தர் ஒருவர். ஒவ்வொரு நடுவரும் மற்றவரைச் சாராமல் தனித்தனியே தீர்ப்பளிப்பதால், காலையில் ஒரு ரிங்கில் கடைசியில் நின்ற பூனை மாலையில் வேறொரு ரிங்கில் முதலில் நிற்கலாம். எழுத்தர் உங்கள் எண்ணை அழைத்தவுடன் பூனையைக் கொண்டுசென்று அந்த எண்ணிட்ட கூண்டில் வைத்துவிட்டு, பார்வையாளர் நாற்காலியில் அமருங்கள். தாமதித்தால் மூன்று அழைப்போடு உங்கள் வாய்ப்பு முடிந்துவிடும். கருத்தடை செய்யாத இரு கடுவன்களை அடுத்தடுத்த கூண்டில் வைக்காமல் இடைவெளி விட்டிருப்பார்கள். உங்கள் வசதிக்காகக் கூண்டை மாற்றாதீர்கள். நடுவர் ஒவ்வொரு பூனையையும் தொட்டபின் கையையும் மேசையையும் கிருமிநீக்கம் செய்துவிட்டே அடுத்ததை எடுப்பார். அவர் இறகையோ விளையாட்டுக் குச்சியையோ ஆட்டுவது வேடிக்கைக்கு அல்ல. பூனை நிமிரும் அந்த நொடியில் காதின் நிலையையும் கண்ணின் வடிவத்தையும் கழுத்தின் நீளத்தையும் அவர் பார்த்துவிடுகிறார். அப்போது "அது என்னுடையது" என்று சொல்வதோ, கைகாட்டி அழைப்பதோ ஒழுங்கீனம்.

சி.எஃப்.ஏ. முறையில் முதலிடத்துக்கு நீல நாடா, இரண்டாமிடத்துக்குச் சிவப்பு, மூன்றாமிடத்துக்கு மஞ்சள். மங்கலச் சிவப்பைக் கண்டு முதலிடம் என்று மகிழ்ந்த ஒருவரை நான் அறிவேன். அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் தம் சிறந்த பூனைகளைக் கடைசி இடத்திலிருந்து முதலிடம் நோக்கி அறிவித்து ரொசெட் (நாடாவைப் பூப்போல் மடித்த பரிசுச் சின்னம்) தருவார். டபிள்யூ.சி.எஃப். முறையில் நடுவர் எழுத்து மூலமான மதிப்பீட்டுத் தாளும் தருகிறார். தகுதி பெற்ற பூனைக்கு சாம்பியன் பட்டத்துக்கான படியாகிய சி.ஏ.சி. சான்றிதழ் கிடைக்கும். ஒரே நடுவரிடமிருந்து அல்லாமல் இவ்வாறு மூன்று சேர்ந்தால் சாம்பியன் பட்டம். அந்த மதிப்பீட்டுத் தாளைத்தான் நான் கோப்பையைவிட மேலாகக் கருதுகிறேன். காது சற்றுப் பெரிது, ரோமம் நன்று, எடை குறைவு என்று ஓர் அறிந்த கை எழுதித் தந்த குறிப்பு அது.

நம் ஊரிலேயே நடத்த விரும்பினால்

ஓசூரிலோ தருமபுரியிலோ சிறிய வீட்டுப் பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்த ஒரு திருமண மண்டபமும் முப்பது கூண்டுகளும் போதும். ஒரு பூனைக்கு ஏறக்குறைய 2 அடி நீள அகலமுள்ள கூண்டு, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு நடுவர், எழுத்தர் ஒருவர், தூய்மைப் பணிக்கு இருவர் என்று திட்டமிடுங்கள். வாயிற்கதவுக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு தடுப்பு இல்லாவிட்டால், தப்பிய பூனை நேரே சாலைக்குத்தான் போகும். மண்டபக்காரர் முந்தைய இரவு தரையைப் பினாயிலால் கழுவிவைப்பதே வழக்கம் என்பதால் அதை வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைகளுக்கு நஞ்சு. பன்லூகோபீனியா வைரஸ் ஓராண்டு வரைகூடச் சூழலில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது, கைக்குப் பூசும் ஆல்கஹால் திரவத்துக்கு அது அடங்காது. வீட்டு உபயோகப் பிளீச்சை 1 பங்குக்கு 32 பங்கு நீர் என்ற அளவில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நன்கு காற்றோட விட்டபின் கூண்டுகளை உள்ளே கொண்டுவாருங்கள்.

வீடு திரும்பியபின்

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், சென்றுவந்த பூனையை இரண்டு வாரம் தனியறையில் வையுங்கள். அதற்கான உணவுக் கிண்ணம், மணல் தட்டு, சீப்பு ஆகியவை தனியாக இருக்கட்டும். மற்றப் பூனைகளைக் கவனித்து முடித்தபின் கடைசியாக அந்த அறைக்குள் செல்லுங்கள். தும்மல், கண்ணில் நீர், உணவை மறுத்தல், வாந்தி ஆகியவை முதல் பத்து நாளுக்குள் தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரை வெளியே தெரிய இன்னும் சில நாள் கூடுதலாகலாம் என்பதால், இரண்டாவது வாரக் கடைசியில் பகல் வெளிச்சத்தில் காதோரத்தையும் முகத்தையும் கால்விரல் இடுக்குகளையும் ரோமத்தை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் அறைக் கதவைத் திறந்துவிடுங்கள்.